முதல் மீன் தொட்டி: என்னென்ன வாங்கிச் சேர்க்க வேண்டும்?

வாசல்வேம்பு:

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூரில் வாடகை வீடு, முதல் மாடி. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ரொம்ப நாளாக மீன் தொட்டி கேட்கிறாள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக இரண்டரை அடி இடம் ஒதுக்கலாம்.

பக்கத்துக் கடையில் விசாரித்தேன். தொட்டி, மூடி, லைட், மோட்டார், கலர் கல், பிளாஸ்டிக் செடி, நான்கு கோல்டு ஃபிஷ், தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீன் என்று எல்லாவற்றையும் ஒரே செட்டாகத் தருகிறார்களாம். "இன்றைக்கே எடுத்துப் போங்கள், சாயங்காலமே மீன் விடலாம்" என்கிறார். செட்டாக வாங்கலாமா, தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாமா? வீட்டில் போர் தண்ணீர்தான். குடிக்க ஆர்ஓ மெஷின் இருக்கிறது. 7,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். வாங்கிய மீன் உயிரோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் கவலை.

கொளத்தூர்வாசி:

அம்பத்தூர் என்றால் கொளத்தூர் உங்களுக்குப் பக்கம்தானே அண்ணா. செட் வேண்டாம், ஒரு நடை வந்துவிடுங்கள். தெருவுக்குத் தெரு மீன் கடை, தொட்டி ஒட்டுபவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். சொன்ன அளவில் ஒட்டிக் கொடுப்பார்கள்.

உங்கள் இடத்துக்கு 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம் சரியாக இருக்கும். விளிம்பு வரை நிரப்பினால் 70 லிட்டர். இந்த உயரத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும் என்று சிலர் சொல்வார்கள். குழந்தை இருக்கும் வீடு, 6 மி.மீ. கேட்டு வாங்குங்கள். விலை பெரிதாக ஏறாது.

தொட்டியைப் பார்க்கும்போது மூலைகளில் கண் வையுங்கள். சிலிக்கான் கோடு இடையில் அறுபடாமல் ஒரே சீராக ஓட வேண்டும். இரண்டு கண்ணாடி சேரும் இடத்தைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். உள்ளே வெள்ளி மாதிரி காற்றுக் குமிழ் நீளமாகத் தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். புதிதாக ஒட்டியது என்றால் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை முழுக்கப் போகும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது, ஒரு வாரம் விட்டால் நிம்மதி. ஒட்டிய இடம் எங்காவது பெயர்ந்தால் ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கானை வாங்கிப் பூசிவிடாதீர்கள். அதில் இருக்கும் மருந்து மீனுக்கு விஷம்.

அடுத்து ஸ்டாண்டு. கண்ணாடி 13 கிலோ, இரண்டு அங்குல மணல் 15 கிலோ, தண்ணீர் 60 கிலோ. மொத்தம் 90 கிலோவை நெருங்கும். டிவி ஸ்டாண்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தூள்பலகையில் செய்தது ஈரம் பட்டால் உப்பி நடுவில் தொய்ந்துவிடும். தொட்டி விரிசல் விடுவது பெரும்பாலும் இப்படித்தான். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் அடித்து வாங்குங்கள். மேலே அரை அங்குல பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல், பிறகு தொட்டி. தண்ணீர் ஊற்றும் முன் ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பார்த்துவிடுங்கள்.

நீலப்பச்சை:

ஸ்டாண்டு, கண்ணாடி எல்லாம் கொளத்தூர்வாசி சொன்னதே சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எவ்வளவு? ஆர்ஓ சர்வீஸுக்கு வருபவரிடம் மீட்டர் இருக்கும், கேளுங்கள். இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்கு நீங்களே ஒன்று வாங்கலாம். எந்த மீன், எந்தக் கல், எந்தச் செடி என்பதையெல்லாம் அந்த எண் தெரிந்த பிறகு பேசலாம். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மீன் வளர்ப்பவரிடமும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பேன்.

வாசல்வேம்பு:

நன்றி மேடம். இன்று பார்த்தாயிற்று. போர் 940, ஆர்ஓ 45. கோடையில் போர் இறங்கினால் லாரித் தண்ணீர் வாங்கி சம்பில் விடுவார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீலப்பச்சை:

லாரித் தண்ணீர் பற்றிச் சொன்னது நல்லது. அது எங்கே எடுத்தது என்பதைப் பொறுத்து லோடுக்கு லோடு மாறும். ஆகவே மீட்டரை இரவல் வாங்காமல் சொந்தமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

940 கடினநீர்தான், ஆனால் பயப்படத் தேவையில்லை. கப்பி, மொல்லி, பிளாட்டி ஆகிய மூன்றும் கடினநீரை விரும்பும் மீன்கள். பாதி போர், பாதி ஆர்ஓ கலந்தால் கிட்டத்தட்ட 500 வரும். அந்தத் தண்ணீரில் இவை நன்றாக இருக்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் பிறந்தவை. கடையில் கண்ணைப் பறிக்கும், உங்கள் வீட்டில் ஒவ்வொன்றாகப் போகும். அந்த மீனுக்காகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட இந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுப்பது எவ்வளவோ மேல்.

முழுக்க ஆர்ஓ ஊற்றலாமே என்று தோன்றும். ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் போன தண்ணீரில் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நிலைத்து நிற்காது, திடீரென்று சரியும். மீனுக்கும் அந்தத் தாதுக்கள் தேவை.

போர் தண்ணீரை நேராகத் தொட்டியில் விடவும் கூடாது. நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் கரியமில வாயு அதிகமாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கும். ஒரு வாளியில் பிடித்து ராத்திரி முழுக்கக் காற்றுக்குழாய் போட்டு வையுங்கள். காலையில் பிஎச் மேலே ஏறி ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

இதைப் படிக்கும் அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வளாகத்தில் உப்புப் போட்டு ஓடும் சாஃப்ட்னர் இருந்தால் டிடிஎஸ் மீட்டர் ஏமாற்றிவிடும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. மீட்டரில் 900 என்றே காட்டும், ஆனால் கடினத்தன்மை கிட்டத்தட்ட இருக்காது. அங்கே சொட்டு மருந்து ஊற்றிப் பார்க்கும் ஹார்ட்னஸ் கிட் கட்டாயம் வேண்டும். முடிந்தால் சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள்.

சிறுவாணிக்காரன்:

கோவையில் எங்களுக்கு நேர்மாறு. சிறுவாணித் தண்ணீர் அவ்வளவு மென்மை. குடிக்க அமிர்தம், ஆனால் மொல்லி அதில் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று ஆடும். இங்கே டெட்ராவும் ராஸ்போராவும் பிரச்சினை இல்லாமல் வளர்கின்றன. சென்னை நண்பர் போட்ட பட்டியலை அப்படியே பார்த்துக் கோவையில் வாங்கினால் நஷ்டம்தான். அதனால் மேடம் சொன்னதை வழிமொழிகிறேன்.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு ஆன்டி குளோரின் போடலாம். அது சோடியம் தயோசல்பேட்தான், வெள்ளைப் படிகமாகவே மலிவாகக் கிடைக்கிறது. 70 லிட்டருக்குச் சில படிகங்கள் போதும், அள்ளிப் போட வேண்டியதில்லை. லாரித் தண்ணீரிலும் சில சமயம் குளோரின் கலந்திருப்பார்கள். ஒரு சின்ன பாக்கெட் வாங்கி வையுங்கள்.

யாழ்க்கிணறு:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் கடினம். கப்பிக்கு அது நல்ல பொருத்தம். ஆனால் தோட்டக்காணிகளுக்குப் போடும் உரம் மண்ணுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் சேருவதால் இங்கே பல இடங்களில் தண்ணீரிலேயே நைட்ரேட் கூட. மீன் கழிவால் தொட்டியில் நைட்ரேட் ஏறினால் தண்ணீர் மாற்று என்று எல்லாரும் சொல்வார்கள். மாற்றுகிற தண்ணீரிலேயே அது இருந்தால் என்ன செய்வது? ஆகவே தொட்டித் தண்ணீரைச் சோதிக்க வாங்கும் டெஸ்ட் கிட்டால் கிணற்றையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கோ. வயல், தோட்டம், கழிவுக்குழி பக்கத்தில் உள்ள போர் என்றால் மறக்காமல் பாருங்கோ.

எங்களுக்குக் கைகொடுப்பது மணிபிளான்ட். கொடியை வெளியே விட்டு வேரை மட்டும் தண்ணீரில் தொங்க விட்டால் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சி எடுக்கும். காசும் இல்லை.

குமிழி:

ஃபில்டர் பற்றி யாரும் பேசவில்லையே. என் ஓட்டு பஞ்சு ஃபில்டருக்கு. ஒரு ஏர் பம்ப், ஒரு பஞ்சு, இரண்டு மீட்டர் குழாய், அவ்வளவுதான். கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். கரண்ட் போய் வந்தால் தானாகவே ஓடும். கப்பி குட்டி போட்டால் குட்டியை உறிஞ்சாது. கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை.

மெல்லோசை:

குமிழி சொல்வது பாதிதான். பஞ்சு ஃபில்டர் ஓடினால் ஹாலில் குமிழ் சத்தமும் பம்ப் உறுமலும் ராத்திரி முழுக்கக் கேட்கும். தண்ணீரில் மிதக்கும் தூசியையும் அது அவ்வளவாகப் பிடிக்காது. பின் கண்ணாடியில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டர் வாங்குங்கள். தண்ணீர் பளிச்சென்று இருக்கும். தொட்டித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் நான்கு ஐந்து முறை சுற்றி வர வேண்டும் என்பது கணக்கு. 70 லிட்டருக்கு 300 முதல் 400 லிட்டர் என்று போட்டிருப்பதை எடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண் வெறும் மோட்டாருக்கானது, பஞ்சு அடைக்க அடைக்கக் குறையும். அதனால் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

குமிழி:

கரண்ட் போய் வந்தால் சில ஹேங்-ஆன் ஃபில்டர்கள் தண்ணீரை ஏற்றாமல் வெறுமனே சுற்றும். வீட்டில் ஆள் இல்லை என்றால் மோட்டார் காலி. புதிதாக ஆரம்பிப்பவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

மெல்லோசை:

எல்லா மாடலிலும் அப்படி இல்லை. மோட்டார் தண்ணீருக்குள்ளேயே முங்கி இருக்கும் வகையைக் கேட்டு வாங்கினால் அந்தப் பிரச்சினை வராது. உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு சின்னப் பஞ்சு மாட்டினால் குட்டியும் தப்பிக்கும்.

நீலப்பச்சை:

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இந்தத் தொட்டிக்கு நான் பஞ்சு ஃபில்டரையே சொல்வேன், காரணம் பட்ஜெட். மிச்சமாகும் பணத்தில் டெஸ்ட் கிட் வாங்கலாம். சத்தத்துக்கு வழி இருக்கிறது. பம்பைத் தரையில் வைக்காமல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள், உறுமல் பாதியாகும். பஞ்சுக்குள் போகும் குழாயின் நுனியில் ஏர்ஸ்டோன் ஒன்று மாட்டினால் குமிழ் பொடிப்பொடியாக வந்து அந்தக் குடுகுடு சத்தமும் அடங்கும்.

எந்த ஃபில்டர் வாங்கினாலும் ஒன்று. பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, அதில் குடியிருக்கும் பாக்டீரியா போய்விடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து மறுபடி மாட்டுங்கள்.

மூன்றுமுனை:

நான் எலக்ட்ரீஷியன், வீட்டில் மூன்று தொட்டி ஓடுகிறது. இந்த விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது.

ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்புக்குள் இறங்கும். தரையும் நனையும், பம்பும் போகும், ஷாக்கும் அடிக்கலாம். இதைத் தடுப்பது நான்-ரிட்டர்ன் வால்வு. விரல் நுனி அளவுதான் இருக்கும், விலையும் சொற்பம். வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்றுப் போகும். அந்தப் பக்கம் தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் குமிழே வராது.

ஒயர்கள் நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் தரையில் போடுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். வாடகை வீடு என்கிறீர்கள், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள், மீன் தொட்டி வைக்காவிட்டாலும் அது தேவை. தண்ணீருக்குள் கை விடும் முன் எல்லா ஸ்விட்சும் ஆஃப்.

கோடையில் கரண்ட் கட் நீளும். ஏர் பம்ப் 3 முதல் 5 வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தால் தெரியவே தெரியாது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

வாசல்வேம்பு:

அண்ணா, மிக்க நன்றி. ஆர்சிசிபி பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. இன்வெர்ட்டர் இல்லை, யுஎஸ்பி பம்பைச் சேர்த்துக்கொள்கிறேன். தேர்வு முடிவது ஏப்ரல். அந்த வெயிலில் தொடங்கலாமா? ஹீட்டர் வேண்டுமா?

கொளத்தூர்வாசி:

சென்னையில் ஹீட்டரா? ஊட்டி, கொடைக்கானல் என்றால் லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்குப் போட்டு வாங்கலாம். நமக்குப் பிரச்சினை சூடு. மே மாதம் மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி வரை போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு தெர்மாமீட்டர், தண்ணீர் மேல் காற்று அடிக்கும்படி ஒரு சின்ன ஃபேன், மூடிக்குப் பதில் வலை. சென்னைப் புழுக்கத்தில் ஃபேனால் பெரிய குளிர்ச்சி வராது, இரண்டு டிகிரி இறங்கினாலே லாபம். ஃபேன் ஓடினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

நீலப்பச்சை:

வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கோடை முடிவதற்குள் டிடிஎஸ் எங்கேயோ போய் நிற்கும். வற்றியதை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றும்போது மட்டும் கலந்த தண்ணீர்.

அந்தச் செட்டில் கோல்டு ஃபிஷ் இருந்ததல்லவா? அது குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரி சுற்றி இருந்தால் சுகமாக இருக்கும். நம் மே மாத வெப்பம் அதற்கு வதை. தின்பதும் அதிகம், கழிவும் அதிகம். கடையில் இரண்டு அங்குலம் இருப்பது உள்ளங்கை நீளத்தையும் தாண்டி வளரக்கூடிய மீன். நான்கை 70 லிட்டரில் விடுவது அவற்றுக்கு நாம் செய்யும் கொடுமை. மகளிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வாள், குழந்தைகளுக்கு உயிர்கள் மேல் நம்மைவிடக் கரிசனம் அதிகம்.

ஏரிக்கரை:

சக்கர் பற்றி நான் சொல்கிறேன். அதை வாங்கவே வாங்காதீர்கள். "டேங்க் கிளீனர்" என்று விற்பதெல்லாம் பொய். சின்ன வயதில் கொஞ்சம் பாசி மேயும், அப்புறம் போட்ட தீனியைத் தின்று ஒரு அடிக்கு மேல் வளரும், கழிவைக் குவிக்கும். தொட்டி தாங்காது என்று ஆனதும் கொண்டு போய் ஏரியில் விடுகிறார்கள். அப்படி விட்டது இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகிக் கிடக்கிறது. தென் அமெரிக்க மீன், இங்கே அதற்குப் பெரிய எதிரி கிடையாது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் மாட்டினால் வலையைக் கிழித்துவிடும், விற்கவும் முடியாது. எங்கள் ஊரில் வலை போடுபவர்கள் அதைக் கரையில் வீசிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

பாசிக்கு நெரைட் நத்தை இரண்டு வாங்குங்கள். கடினநீர் அதற்குப் பிடிக்கும், ஓடு கெட்டியாக இருக்கும். நன்னீரில் குஞ்சு பொரிக்காது, ஆகவே பெருகித் தொல்லை தராது. எந்த மீனாக இருந்தாலும், வளர்க்க முடியவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், இங்கே கேளுங்கள், நான் கூட வாங்கிக்கொள்கிறேன். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

வாசல்வேம்பு:

இது எனக்கு முற்றிலும் புதுச் செய்தி. சக்கர், கோல்டு ஃபிஷ் இரண்டையும் அடித்துவிட்டேன். மணலும் கல்லும் எதை வாங்குவது? மகளுக்கு அந்த ஊதா நிறக் கல் மேல் ஆசை.

சிறுவாணிக்காரன்:

சாயம் பூசிய கல் நாளாக ஆகத் தோல் உரியும். ஆசைக்கு ஒரு கைப்பிடி வாங்கி, வெள்ளைத் துணியில் ஈரத்தோடு முடிந்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் வேண்டாம்.

அடியில் போட ஒன்றிரண்டு மி.மீ. பருமனுள்ள ஃபில்டர் மணல் நல்லது, வாட்டர் ஃபில்டருக்குப் பொருள் விற்கும் கடையில் மூட்டையாகக் கிடைக்கும். கடற்கரை மணல், சிப்பி, பவளத்துண்டு எல்லாம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். கல் எடுத்தால் அதன் மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல். எங்கள் தண்ணீருக்கு அது பெரிய வித்தியாசம் செய்யும். உங்களுடையது ஏற்கெனவே கடினம், கப்பிதான் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு கல்லால் குடி முழுகிவிடாது.

மணலை அரிசி களைவது போலக் கையை விட்டுக் கிளறிக் கிளறிக் கழுவுங்கள். முதல் வாளித் தண்ணீர் சேறு மாதிரிதான் வரும், தெளியும் வரை விடாதீர்கள். தொட்டியில் பரப்பிய பிறகு மேலே ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் மணல் கலையாது.

குமிழி:

செடிக்குத் தனிச் செலவு வேண்டாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் மூன்றும் கல்லில் நூலால் கட்டிவிட்டால் வளரும். முதல் இரண்டின் தடித்த தண்டை மணலுக்குள் புதைக்காதீர்கள், அழுகிவிடும். லைட் சாதாரண வெள்ளை எல்இடி, 6500 கெல்வின். டைமர் போட்டு தினம் 6 முதல் 8 மணி நேரம், அதற்கு மேல் எரிந்தால் பாசிதான்.

நீலப்பச்சை:

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "சாயங்காலமே மீன் விடலாம்" என்று கடைக்காரர் சொன்னாரே, முதல் முறை வளர்ப்பவர்களின் மீன் பெரும்பாலும் சாவது அந்தச் சாயங்காலத்தால்தான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் பரவாயில்லை, செடி எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கிடையாது. வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் போர் தண்ணீர் மாதிரி பிஎச் 8-ஐத் தொடும் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் பல மடங்கு கூடும். ஆகவே சென்னைக்காரர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இது பெரிய வரம். இந்த மாதமே தொட்டியை வைத்து, தண்ணீர், செடி, ஃபில்டர் எல்லாம் ஓடட்டும். மீன் வேண்டாம். தினமும் மீன் தீனியில் ஒரு சிட்டிகை போடுங்கள், அது அழுகி அம்மோனியா வரும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு மருந்துக் கிட் வாங்குங்கள். பட்டை முக்கிப் பார்க்கும் வகையைவிட இது துல்லியம். சோதனைக்குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டுக் குலுக்கினால், மஞ்சளில் தொடங்கிப் பச்சையாக மாறும், அம்மோனியா ஏற ஏறப் பச்சை அடர்த்தியாகும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கும். தீனி போட்ட மறுநாளும் இரண்டும் பூஜ்யமாக, நைட்ரேட் மட்டும் காட்டினால் தொட்டி தயார். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள், காத்திருக்கும் காலம் பாதியாகக் குறையலாம்.

நிறத்தைப் பார்த்து நோட்டில் குறிக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். சொட்டு விடுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள், அந்த மருந்து கையில் படக் கூடாது.

வாசல்வேம்பு:

மேடம், மகளிடம் சொன்னேன். மீன் இல்லாமல் தொட்டியா என்று முகம் சுருங்கியது. பச்சை நிறம் கதையைச் சொன்னதும் "நான்தான் தினமும் பார்ப்பேன்" என்று நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டாள்.

நம் வீட்டுக்காரரிடமும் பேசினேன், ஆர்சிசிபி போடச் சம்மதித்துவிட்டார். இதுவரை எழுதி வைத்திருப்பது: 24க்கு 12க்கு 15 தொட்டி, 6 மி.மீ.; இரும்பு ஸ்டாண்டு; பஞ்சு ஃபில்டர், இரட்டை வாய் ஏர் பம்ப், நான்-ரிட்டர்ன் வால்வு, ஏர்ஸ்டோன்; யுஎஸ்பி பம்ப்; எல்இடி, டைமர்; ஃபில்டர் மணல் 15 கிலோ; மூன்று வகைச் செடி; தெர்மாமீட்டர், டிடிஎஸ் மீட்டர், டெஸ்ட் கிட்; ஆன்டி குளோரின். விசாரித்த வரையில் 7,000-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. எதைக் குறைக்கலாம்?

மெல்லோசை:

பின்பக்கம் ஒட்டும் கடல் படம், பொம்மைக் கப்பல் எதுவும் பட்டியலில் இல்லை, நல்லது. லைட்டைக் குறைக்கலாம். அந்த மூன்று செடிக்கும் சாதாரண எல்இடி டியூப் போதும். கறுப்புச் சார்ட் அட்டையை வெளிப்பக்கம் ஒட்டினால் கப்பியின் நிறம் நன்றாக எடுக்கும். ஹேங்-ஆன் ஃபில்டரை அடுத்த வருடம் யோசியுங்கள், என் கட்சியை நான் விடவில்லை.

டெஸ்ட் கிட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மூன்றுமுனை:

இரட்டை வாய் பம்ப் நல்ல யோசனை. ஒரு வாய் தொட்டிக்கு, இன்னொன்று ராத்திரி வாளிக்கு.

பட்டியலில் வாளி இல்லையே? இரண்டு புது வாளி, மூடியோடு. சோப்பு, பினாயில் எதுவும் படாமல் தொட்டிக்கென்றே தனியாக இருக்க வேண்டும். மூடி எதற்கு என்றால், திறந்து வைத்த தண்ணீரில் கொசு முட்டையிடும். மணலுக்குள் இருக்கும் கழிவை உறிஞ்ச ஒரு சைஃபன் குழாய், மெல்லிய வலை ஒன்று, கைத்துண்டு இரண்டு.

ஏரிக்கரை:

கடையில் நீல நிற மருந்து, மஞ்சள் மருந்து என்று கையில் திணிப்பார்கள். நோயே இல்லாமல் எதையும் ஊற்றாதீர்கள். அந்த நீலம் மெத்திலீன் ப்ளூ. நீங்கள் வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியாவைக் கொல்லும், சிலிக்கானிலும் கறை ஏறும். வாங்கினாலும் நோயுற்ற மீனைத் தனியே வைக்கும் வாளிக்குத்தான். உயிர்ப்புழு தீனியும் இப்போது வேண்டாம், நோய் கூடவே வரும். சின்ன வாய்க்கு ஏற்ற பொடி உருண்டைத் தீனி ஒரு டப்பா, சின்னதாக வாங்குங்கள், பெரிய டப்பா தீர்வதற்குள் சத்துப் போய்விடும்.

கப்பி வாங்கும்போது ஆண் மட்டும் ஆறு. பெண்ணையும் சேர்த்தால் மாதம் ஒரு பிரசவம், கொஞ்ச நாளில் தொட்டி கொள்ளாது.

வாசல்வேம்பு:

வாளி, சைஃபன், வலை சேர்த்தாயிற்று. ஞாயிறு காலை கொளத்தூர் வருகிறோம். ஆட்டோவில் தொட்டியை எடுத்து வரலாமா?

கொளத்தூர்வாசி:

தாராளமாக. ஆனால் ஸ்டாண்டையும் தொட்டியையும் ஒரே நடையில் ஏற்றாதீர்கள், இரும்பு கண்ணாடியில் உரசும். இருக்கையில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, தொட்டியைப் படுக்க வைக்காமல் அடிப்பக்கமாகவே உட்கார வையுங்கள். மேலே குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் இரண்டு பக்கமும் கை கொடுக்க வேண்டும். மணல் மூட்டையைத் தொட்டிக்குள் வைத்து எடுத்து வருபவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடிக்கண்ணாடி போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமிலோ பால்கனியிலோ மட்டமான தரையில் தெர்மோகோல் போட்டு, முழுக்க நிரப்பி, ஒரு முழு நாள் விடுங்கள். சுற்றிலும் நியூஸ் பேப்பர் விரித்து வைத்தால் கசிவு உடனே தெரியும். கசிந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு அதே கடைக்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். பத்து மணிக்கு மேல் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது, எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டால் தொட்டி ஒட்டுபவர்களிடம் நின்று நிதானமாகப் பேசலாம்.